டிக்கியில் நான்கு மூட்டை அரிசி

அன்ரனைப் பற்றி நல்லதாக இருநூறு சொல் எழுதித் தரவேண்டுமாம். அவன் இந்த மாதத்தோடு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறான். அவனிடம் வேலை பழகிய மூன்று மெக்கானிக்குகள் சேர்ந்து, ஹவுன்ஸ்லோவில் அவனுடைய பங்குத் தேவாலய மண்டபத்தில் ஒரு மதியச் சாப்பாடு வைத்து, சிறிய பாராட்டு மலர் ஒன்றும் அச்சிடுகிறார்கள். முதல் கட்டுரை என்னுடையதாக இருக்கவேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார்கள்.

"நீங்கள்தானே அண்ணை அவரோட பத்தொன்பது வருசம் ஒரே கராஜில நிண்டனீங்கள். உங்களை விட்டா ஆர் எழுதுறது?"

"ஓம், பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. நான் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு மலரும் இல்லை, மண்டபமும் இல்லை. கராஜில் ஒரு கேக் வெட்டினார்கள். அதில் குத்தியிருந்த மெழுகுதிரி யாருடைய பிறந்தநாளிலோ மிஞ்சியது. இத்தனைக்கும் நான் அந்தக் கராஜின் ஃபோர்மன். அன்ரன் கடைசிவரை காருக்குக் கீழே கிடந்தவன்.

ஆகவே வாசிப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்ரன்மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததல்ல, இருபத்தைந்து வருடப் பொறாமை. இருநூறு சொல்லுக்குள் அடங்காததற்கும் அதுதான் காரணம்.

என்னுடைய படிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட தொழில்நுட்பப் படிப்பை, லண்டனில் பெற்றோல் செட்டில் வேலைக்கு நின்றுகொண்டே மாலை வகுப்பில் முடித்து, சான்றிதழோடு வட லண்டனில் எட்மண்டன் பகுதியில் மிஸ்டர் லென்னின் கராஜில் சேர்ந்தேன். சொல்லும்போது ஒரு வசனம், வாழும்போது ஒன்பது வருடம். லென்னின் கராஜ் எல்லா வேலையும் செய்யும் இடமல்ல. பழைய கார்களின் அடிப்பகுதி மட்டும்தான். ஸ்பிரிங், அச்சு, ஷொக் அப்சோபர். நான் சேர்ந்து மூன்று வருடத்தில் அன்ரன் வந்தான். மன்னார்க்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன். சான்றிதழ் ஒன்றும் கிடையாது. வள்ளத்து எஞ்சின்களும் உழவு இயந்திரங்களும் திருத்திய கை மட்டும்தான்.

அந்தக் கைதான் என்னைக் கொன்றது. ஒரு காரின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு தரம் அமுக்குவான். கார் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "இடப்பக்க றபர் போட்டுது அண்ணை" என்பான். நான் காரைத் தூக்கி, கழற்றி, அளந்து, முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு கண்டுபிடிப்பேன். இடப்பக்க றபர்தான் போயிருக்கும். ஒரு தடவையாவது வலப்பக்கமாக இருக்கக்கூடாதா என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

அவனுக்கு ஒரு குறை இருந்தது. ஆங்கிலம் பேசுவான், எழுத வாசிக்கச் சரிவராது. வாடிக்கையாளரிடம் கேட்டறிந்ததை எல்லாம் காரின் கண்ணாடியில் தொங்கும் மஞ்சள் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதிவைப்பான். அதைப் பார்த்து நான் ஆங்கிலத்தில் அளவுத் தாளை நிரப்பவேண்டும். இது லென் செய்த ஏற்பாடு. "நீங்கள் இரண்டுபேரும் சேர்ந்தால் எனக்கு ஒரு முழு மெக்கானிக்" என்று பகிடியாகச் சொல்வார். எனக்கு அது பகிடியாக இருக்கவில்லை. சான்றிதழ் எடுத்தவன் அரை மெக்கானிக், எடுக்காதவன் மற்ற அரையா?

லென்னைப் பற்றியும் சொல்லவேண்டும். எண்ணெய் பிடித்த வேலையுடுப்புக்குள் தினமும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். சத்தம் போடமாட்டார். பிழை கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தக் கழுத்துப்பட்டியின் நுனியால் துடைப்பார். துடைத்துப் போட்டுக்கொண்டு "மறுபடி" என்பார். அவ்வளவுதான். சரியாகச் செய்தால் ஒன்றும் சொல்லமாட்டார். முதல் எட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு 'நல்லது' வரவில்லை. அன்ரனுக்கு அதற்குள் மூன்று வந்திருந்தன. நான் எண்ணி வைத்திருந்தேன்.

அவருடைய முறை ஒன்று இருந்தது. எந்தக் காரும் அதன் வாழ்க்கைப் பாரத்தோடுதான் அளக்கப்படவேண்டும். முதலில் காரை நான்கு இரும்புப் பலகைகளின்மேல் ஏற்றுவோம். ரயர்களுக்குக் காற்றுச் சரிபார்த்து, நான்கு மூலையையும் அமுக்கி விட்டு, அது தானாக அமர்ந்து நிற்கும்வரை தொடமாட்டோம். பிறகு சில்லின் நடுவிலிருந்து மேலே மட்கார்ட் விளிம்புவரை அளந்து, சோக்கால் எழுதுவோம். அதன் பிறகுதான் பாரம். மூலையில் மணல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் நிறை வெள்ளைப் பெயின்றில் எழுதியிருக்கும். சாரதி இத்தனை கிலோ, பக்கத்து சீற் இத்தனை, பின்சீற், டிக்கி. அளவுத் தாளில் இருக்கிறபடி அந்தந்த இடத்தில் மூட்டையை வைத்து மறுபடி அளப்போம். மூட்டுகளில் இருக்கும் றபர் புஷ்களின் ஆணிகளை இறுக்குவதும் அந்தப் பாரத்தோடு சில்லு தரையில் நிற்கும்போதுதான். காரைத் தூக்கி வைத்துக்கொண்டு இறுக்கினால் றபர் அந்த நிலையிலேயே கடித்துக்கொள்ளும், இறக்கியதும் முறுகிக் கிழியும்.

எல்லாம் முடிந்ததும் லென் ஒரு கோப்பை தேநீரோடு பின்சீற்றில் ஏறுவார். கோப்பையின் உள்ளே விளிம்புக்குக் கீழே ஒரு கோடு, அதுவரை தேநீர். கராஜுக்குப் பின் ஒழுங்கையில் மூன்று வேகத்தடைகள். மூன்றையும் தாண்டி வந்து, கீழே பிடித்த தட்டில் எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று பார்ப்பார். பார்த்துவிட்டு மிச்சத்தைக் குடிப்பார்.

அந்த நாட்களில்தான் லென் இனிப் பாதி நாள் மட்டும் வருவதாகவும், ஒரு ஃபோர்மன் வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் இருவரில் ஒருவர் என்பது கராஜ் பூனைக்கும் தெரிந்திருந்தது. அப்போது வந்ததுதான் குணாவின் கார்.

குணா மலேசியாக்காரர். மாணவனாக வந்து, காப்புறுதி அலுவலகம் ஒன்றில் பெரிய வேலைக்கு உயர்ந்து, கிங்ஸ்பரியில் வீடு வாங்கியவர். அவருடைய கார் கரும்பச்சை, இரண்டு கதவு, அமெரிக்கக்காரர் ஒரு காலத்தில் செய்து தள்ளிய மஸில் கார் வகை. முன்னால் லொறிக்குப் போடக்கூடிய எஞ்சின். பின் அச்சைத் தாங்குவதோ வளைந்த இரும்புத் தகடுகளின் அடுக்கு, லீஃப் ஸ்பிரிங். அக்சிலேற்றரை ஒரேயடியாக மிதித்தால் அச்சு முறுகும், தகடு நெளியும், பின் ரயர்கள் தரையில் துள்ளும்.

"சிக்னல்ல பச்சை விழுந்து காலை வச்சேன்னா பின்னால யாரோ உதைக்கிற மாதிரி இருக்குங்க" என்றார் குணா. "என்ன மாத்தணும்னு நீங்களே சொல்லுங்க. நல்லதா ஒண்ணு போட்டுடலாம்."

அதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, நல்ல புதிய தகடுகள் போட்டு, பாரம் ஏறும்போது மட்டும் வேலை செய்யும் குட்டைத் தகடு ஒன்றையும் சேர்ப்பது. இரண்டு, இருக்கிற தகட்டோடு ஒரு தண்டைப் பூட்டி முறுக்கைத் தடுப்பது. மூன்று, தகட்டையே கழற்றி எறிந்துவிட்டு, அச்சை நான்கு தண்டுகளால் பிடித்து, சுருள் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்த சோடியின்மேல் உட்காரவைப்பது. மூன்றாவது பார்க்க அழகு, வளைவில் திரும்பும்போது சொர்க்கம். ஆனால் அது எவ்வளவு பாரத்துக்கு என்று முன்கூட்டியே சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

லென் எங்களிடம் தனித்தனியே கேட்டார். அன்ரன் யோசிக்கவே இல்லை. "முதலாவது. தகடுதான்." அவன் தகடு என்று சொன்ன அந்த நிமிடத்தில் எனக்கு நான்கு தண்டுகள்தான் சரி என்று பட்டது. இதை இன்றைக்குத்தான் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறேன். அவன் நான்கு தண்டு என்றிருந்தால் நான் தகட்டுக்காக உயிரை விட்டிருப்பேன்.

வாடிக்கையாளரிடம் விபரம் கேட்டது அன்ரன். குணாவோடு காரைச் சுற்றிச் சுற்றி நடந்து அரை மணி நேரம் கதைத்தான். எஞ்சினைப் பற்றி ஒரு சொல் இல்லை. "ஆர் ஆர் ஏறுவினம்? எங்க எங்க போவியள்? என்ன ஏத்துவியள்?" இதுதான் கேள்வி. நடுவில் இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

மாலையில் அட்டையைத் திருப்பினேன். பென்சில் எழுத்து. "இவரும் மனுசியும் மட்டும். பின்சீற்றில ஆக்கள் இல்லை. வெள்ளிக்கிழமையில கோயில் அன்னதானத்துக்கு டிக்கியில அரிசி 4 × 20, அண்டா 2 × 15."

நூற்றுப் பத்துக் கிலோ. அதுவும் பின் அச்சுக்கும் பின்னால். அந்த வரி தாளில் ஏறினால் லென் மூட்டைகளை டிக்கியில் அடுக்கச் சொல்லுவார். நான் மனதில் போட்டிருந்த மென்மையான சுருள் ஸ்பிரிங், தரையோடு படுத்த அந்த அழகான உயரம், எல்லாம் அடிபட்டுப் போகும். அன்ரனின் தகடு வெல்லும். அவன் ஃபோர்மன் ஆவான்.

இப்படி ஒரு காரில் யார் அரிசி ஏற்றுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு கார் வைத்திருப்பார் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய் என்று சொல்லும்போதே தெரியும். தாளில் 'சாரதி' என்ற இடத்துக்கும் 'பக்கத்து சீற்' என்ற இடத்துக்கும் நேரே நிறையை எழுதினேன். 'டிக்கி' என்ற இடத்துக்கு நேரே ஒரு பூச்சியம். பேனையால் போட்டேன்.

பிறகு குணாவைக் கூப்பிட்டு, படம் கீறி, தண்டுகளின் கோணங்களை விளக்கினேன். அவர் கணக்குப் பிடித்த மனிதர், படத்தைக் கண்டதும் விழுந்துவிட்டார். "இதுதாங்க வேணும்" என்றார். இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. வெல்டிங்கில் பாதி அன்ரன் செய்தான். என்னுடைய படத்துக்கு, என்னுடைய அளவுக்கு, முகம் கோணாமல் செய்தான். அவனுடைய வெல்டிங் என்னுடையதைவிட அழகாக இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

லென் தாளைப் பார்த்தார். தாளில் இருந்தபடி முன்னால் இரண்டு மூட்டை வைத்தோம், அளந்தோம், இறுக்கினோம். அவர் கோப்பையோடு ஏறினார். நான் ஓட்டினேன். மூன்று வேகத்தடை. இறங்கித் தட்டைப் பார்த்தார். ஒரு துளி இல்லை.

"நல்லது" என்றார்.

எட்டு வருடத்தில் முதல் தடவை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை மூன்று விதமாகச் சொன்னேன். அன்ரன் அடுத்த நாள் வந்து கை கொடுத்தான். அவனுடைய முகத்தில் ஏதாவது வாட்டம் தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

நாலாவது வெள்ளிக்கிழமை கார் இழுவை லொறியில் வந்தது. குணாவும் மனைவியும் கோயிலுக்குப் போகும் வழியில், நொற்த் சேர்க்குலர் வீதியில் பாலத்து இணைப்பு ஒன்றில் கார் குதித்திருக்கிறது. பாரத்தில் ஏற்கெனவே படுத்திருந்த பின்பக்கம் இன்னும் கீழே போக, மட்கார்டின் உள்விளிம்பு ரயரின் பக்கத்தை வாளால் கீறினாற்போல் கிழித்துவிட்டது. கார் சுழன்று ஓரத்துத் தடுப்பில் மோதி நின்றது. குணாவுக்கு ஒன்றுமில்லை. மிசிஸ் குணா முன்னால் கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

நான்தான் டிக்கியைத் திறந்தேன். ஒரு மூட்டை உடைந்திருந்தது. புதிய ஸ்பிரிங்கைப் பூட்ட டிக்கியின் அடியில் நான் துளைத்த ஓட்டைகள் வழியாக அரிசி கீழே கொட்டி, என்னுடைய புத்தம்புதிய சுருள் ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் நிறைந்திருந்தது. அதைத் தட்டித் தட்டி எடுத்தேன். எத்தனை தட்டினாலும் இன்னும் நாலு மணி விழுந்துகொண்டே இருந்தது.

லென் என்னை மட்டும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் அளவுத் தாள். பக்கத்தில் மஞ்சள் அட்டை, பின்பக்கம் மேலே பார்க்க.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

ஒரு கணம், பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அன்ரன் வெளியே இருந்தான். ஆனால் 4 × 20 என்பதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. சொல் சொல்லாக ஆங்கிலத்தில் வாசித்தேன். 'அன்னதானம்' என்ற இடத்தில் ஆங்கிலம் வரவில்லை, "கோயிலில் எல்லோருக்கும் சாப்பாடு" என்றேன்.

லென் கண்ணாடியைக் கழற்றினார். கழுத்துப்பட்டியால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "மறுபடி" என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கண்ணாடியைப் போடாமலே "போ" என்று கையைக் காட்டினார்.

குணாவிடம் லென் தானே போய், பிழை கராஜுடையது என்று ஒப்புக்கொண்டார். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. தண்டுகளைக் கழற்றி, புதிய தகடுகளும் குட்டைத் தகடும் போட்டு, டிக்கியில் நூற்றுப் பத்துக் கிலோ மணல் வைத்து அளந்து, அன்ரன் அந்தக் காரை மறுபடி செய்தான். தட்டில் கொஞ்சம் தேநீர் சிந்தியது. லென் அதற்கும் "நல்லது" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே ஒரு நல்லதும் அதோடு செல்லாக்காசாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து லென், கராஜ் சாவிகள் எல்லாம் தொங்கும் திறப்புக் கோர்வையை என் கையில் வைத்தார். ஃபோர்மன் நான்தான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஏன் நான்?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்ரன் காருக்குக் கீழே தேவை. உன்னை இனிக் காருக்குக் கீழே விட எனக்கு மனமில்லை. நீ மேசையில் இரு. அட்டையின் இரண்டு பக்கத்தையும் வாசித்துக் கையெழுத்துப் போடு. நீ ஒருநாளும் இனி ஒரு வரியும் விடமாட்டாய்."

அப்படித்தான் நான் ஃபோர்மன் ஆனேன். வீட்டில் பாயாசம் வைத்தார்கள். ஊருக்கெல்லாம் போன் பறந்தது. மச்சான்மார் என்னைச் சொல்லித் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார்கள். பதினான்கு வருடம் கண்ணாடி அறைக்குள் இருந்து கையெழுத்துப் போட்டேன். ஒரு வரியும் விடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அன்ரன் உள்ளங்கையால் கார்களை அமுக்கிக்கொண்டிருந்தான். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்று பார்க்கிற தகப்பனைப்போல நான் அந்தக் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. ஒவ்வொரு தீபாவளிக்கும் மிசிஸ் குணா கராஜுக்கு வருவார். கையில் சிவப்பு மூடி போட்ட டின் ஒன்று, நிறைய அன்னாசி டார்ட். மலேசியாக்காரர் வீட்டுப் பலகாரம், கையால் செய்தது. என் மேசையைத் தாண்டி நடந்துபோய் அன்ரனிடம் கொடுப்பார். எனக்கு ஒரு தலையசைப்பு. அன்ரன் அந்த டின்னை எல்லோருக்கும் நீட்டுவான். "எனக்குச் சீனி வருத்தம்" என்று சொல்லி நான் எடுப்பதில்லை. எனக்குச் சீனி வருத்தம் கிடையாது. பதினான்கு டின். ஃபோர்மனை விட்டுவிட்டு மெக்கானிக்குக்கு டார்ட் கொடுக்கும் பெண்ணை நான் என்னவென்று நினைப்பது? அவனுடைய சிரிப்பில் மயங்கியவர்களில் இவரும் ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது மலருக்கு வருகிறேன். மூன்று நாள் இருந்து பதினொரு சொல் எழுதினேன். பன்னிரண்டாவது சொல்லுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பூச்சியம் குறுக்கே வந்து நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். அன்ரன் பூசை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையோடு கதவைத் திறந்தான்.

"அட, ஃபோர்மன்! வாங்கோ அண்ணை, வாங்கோ. தேத்தண்ணி குடிப்பம்."

குடித்தோம். அவனுடைய முழங்கால், என்னுடைய இடுப்பு, இரண்டையும் பற்றிக் கதைத்தோம். பிறகு நான் சொன்னேன். ஃபோர்மன் வேலை பரிசு அல்ல, தண்டனை என்று சொன்னேன். லென்னின் வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.

அன்ரன் கோப்பையை வைத்தான். "உண்மையாவோ அண்ணை?"

"உண்மையா."

"நீங்கள் அந்தக் கண்ணாடி அறைக்குள்ள சூடா இருக்கேக்க, நான் கீழ ஈரச் சீமெந்தில கிடந்து எவ்வளவு எரிஞ்சனான் தெரியுமோ? அந்தத் திறப்பு உங்கட கைக்குப் போன அண்டைக்கு நான் வீட்டில ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. ஒரு கிழமை முழுக்க."

உண்மையைச் சொல்லவேண்டும். அதைக் கேட்டு எனக்கு உள்ளே இனித்தது. இருபது வருடத்தில் இவ்வளவு நல்ல செய்தியை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த இனிப்பு இருக்கும்போதே மிச்சத்தையும் சொல்லிவிடுவோம் என்று தொடங்கினேன். "அன்ரன், அந்த அட்டையில நீ எழுதினதை நான் வேணுமெண்டுதான்..."

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"பூச்சியம். தாளில டிக்கிக்கு நேர நீங்கள் போட்டதை அடுத்த நாள் காலமையே கண்டனான். இங்கிலிஷ் வாசிக்கத்தான் எனக்குக் கஷ்டம் அண்ணை, பூச்சியம் தெரியும்தானே."

"பின்னை ஏன் நீ சொல்லேல்லை?"

அவன் சன்னலைப் பார்த்தான். "நீங்கள் விழவேணுமெண்டு நினைச்சனான். லென் பின்சீற்றில ஏறேக்கையே கார் தட்டும், அதோட உங்கட கதை முடியும் எண்டு இருந்தனான். தட்டேல்லை. அவர் 'நல்லது' எண்டிட்டார். அதுக்குப் பிறகு எப்பிடி வாயைத் திறக்கிறது? இவ்வளவு நாளும் ஏன் பாத்துக்கொண்டு நிண்டனீ எண்டு கேட்டா? இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு நாலு வெள்ளி போச்சு."

அந்த மணிக்கட்டில் ஒரு முறிவு என்னுடையது, மற்றது அவனுடையது என்று கணக்குப் பார்த்தேன். பார்த்தபோது ஒரு ஆறுதல் வந்தது. கடைசியில் இருவரும் சமம். அவனும் என்னைப் போல் இருபது வருடம் இதைச் சுமந்திருக்கிறான் என்று நினைத்தேன். அதைக் கேட்டும் விட்டேன்.

"எப்பிடி அன்ரன் இவ்வளவு காலம் இதை வச்சுக்கொண்டு இருந்தனீ?"

"நான் வச்சிருக்கேல்லை அண்ணை" என்றான், கொஞ்சம் கூச்சத்தோடு. "அந்தச் சனிக்கிழமையே எங்கட பங்குக் கோயிலில சுவாமியாரிட்ட பாவசங்கீர்த்தனம் செய்திட்டன். சுவாமி, எனக்குச் சொன்னாப் போதாது, அந்த அம்மாவிட்டயும் போய்ச் சொல்லு எண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னனான். அவ அழுதா. பிறகு நல்லா ஏசினா. பிறகு, அந்த வருசம் தீபாவளிக்கு டார்ட் கொண்டுவந்தா."

பார்த்தீர்களா? குற்றம் செய்ததில்தான் நான் முந்தினேன். ஒப்புக்கொண்டதில் அவன் என்னை இருபது வருடம் முந்திவிட்டான். எனக்கு வந்த பொறாமையை எழுத இந்த மலர் முழுவதும் தந்தாலும் போதாது.

அவனிடம் விடைபெற்று நான் வீட்டுக்குப் போகவில்லை. ரயில் மாறி, பஸ் மாறி, நேரே கிங்ஸ்பரிக்குப் போனேன். வீட்டு வாசலில் அந்தக் கரும்பச்சைக் கார் நின்றது. பின்பக்கம் உயரமாக, நிமிர்ந்து, அழகில்லாமல், சரியாக நின்றது. போகிற போக்கில் உள்ளங்கையை வைத்து ஒரு தரம் அமுக்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மிசிஸ் குணா கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "ஃபோர்மனா? வாங்க, வாங்க. இவரு கடைக்குப் போயிருக்காரு. உக்காருங்க."

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அட்டை, வரி, பூச்சியம், ஏன் போட்டேன் என்பது, எல்லாம். அன்ரன் ஏற்கெனவே சொல்லியிருப்பான், எனக்குச் சொல்ல அதிகம் இராது என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அவருடைய முகத்தைப் பார்க்கப் பார்க்க, அப்படி இல்லை என்று தெரிந்தது.

"அன்ரன் வந்தப்ப அவரு தப்பை மட்டும்தாங்க சொன்னாரு" என்றார். "தாள்ல தப்பா இருந்திச்சு, பாத்தும் பேசாம இருந்துட்டேன்னாரு. யாரு எழுதினதுன்னு கேட்டேன். ஞாபகம் இல்லைன்னுட்டாரு."

அவர் வலது கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டிருந்தார். குளிர் நாட்களில் அங்கே இன்னும் வலிக்குமாம். டார்ட்டுக்கு மாவு பிசையும்போதும் வலிக்குமாம். அதைக் கோபமாகச் சொல்லவில்லை, யாரோ நலம் கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரிச் சொன்னார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றேன்.

அவர் தடவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சீனி வியாதின்னு அன்ரன் சொல்வாரே?"

"இல்லை அம்மா" என்றேன். "அதுவும் பொய்."

அவர் எழுந்து வாசல்வரை வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார்.

"தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. பாக்கலாம்."